துணிச் சுவருக்கு ஏது பூட்டு

இந்தக் காலத்து ஜனங்கள் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, கடவுளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது பெரியவரின் நெடுநாள் குறை. கிடங்குக் காவல்காரராகவே ஆயுசைக் கழித்தவர். பூட்டினால் போதாது, இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துப் பார்த்தேன் என்று சொல்கிறவனையும் நம்பக்கூடாது, நாமே போய் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான்.

மருமகன் நேர் எதிர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். யார் யார் வீட்டுச் சமையலறையோ தனக்குத் திறந்து கிடப்பதால் உலகமே நல்லது என்று ஒரு நினைப்பு. எதற்கெடுத்தாலும், "கடவுள் பாத்துப்பார் மாமா."

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்பதும் அவன் யோசனைதான்.

"சுவர் வச்ச வீடு இருக்கும்போது துணிக்குள்ள போய்ப் படுக்கணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டுப் பார்த்தார். பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்து இறங்கியதுமே பக்கத்துக் கூடாரத்துத் தாடிக்காரன் சிரித்தான்.

"பல்லைக் காட்டறான் பாரு."

"வணக்கம் சொல்றார்ப்பா," என்றாள் மகள்.

"தெரியாதவனுக்கு எதுக்கு வணக்கம்? வண்டியை நோட்டம் விடறான். உன் கைப்பையை வண்டியில வை. துணிச் சுவருக்கு ஏது பூட்டு?"

மருமகன் சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டிருந்தான். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு அதை எடுத்தார், பூட்டினார், ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அரக்கப்பரக்கக் கூடாரத்துக்குள் ஓடி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் கூடார வாசலில் தாடிக்காரன் வந்து குனிந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். ஒரு கை மூடியிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம், இது..."

"ஒண்ணும் வேணாம், போய்யா." சரக்கென்று ஜிப்பை இழுத்து மூடினார்.

"என்ன கேக்க வந்தார்னு தெரியலையேப்பா!"

"கேட்டா குடுக்கணும். கேக்க விடாம இருக்கிறது நல்லது."

மழை வலுத்தது. காற்று ஒரு கம்பைப் பிடுங்கிப் போட, ஈரத்துணி எல்லோர் தலையிலும் சரிந்தது. மருமகன் அதற்கும் சிரித்தான். பேத்தி இருமினாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தைக்கு இளைப்பு கண்டுவிட்டது. விலா உள்ளே போய் வெளியே வர, நெஞ்சில் விசில் சத்தம்.

"இன்ஹேலர்! என் பையில!" என்றாள் மகள். "பை வண்டியில. சாவியைக் குடுங்கப்பா."

பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். கால் கழுவும்போது சாவியைக் குழாய்த் திண்டின் மேல் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருமகன் ஓடினான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். வண்டிப் பக்கத்தில் சேற்றில் நின்று கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

"கண்ணை மூடற நேரமாய்யா இது?" என்றார் மகளோடு பின்னாலேயே ஓடி வந்த பெரியவர்.

"கையும் ஓடல, காலும் ஓடல மாமா. வேற யாரைக் கூப்பிடுவேன்?"

பெரியவருக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. தனக்குக் கூப்பிட யாருமில்லை என்று இத்தனை வயசில் அந்தச் சேற்றில் நின்றுதான் தெரிந்தது. மேலேயும் ஆள் வைத்துக்கொள்ளவில்லை, கீழேயும் வைத்துக்கொள்ளவில்லை. காலடியில் கிடந்த கல்லை எடுத்தார். ஒரு பூட்டைக்கூட உடைக்கவிடாமல் காத்த கை. முதல் அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்த அடியில் பொலபொலவென்று கொட்டியது. வண்டி ஊளையிட ஆரம்பித்தது. மகள் உள்ளே கை விட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

குழந்தை மருந்தை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். விசில் மெல்ல இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. பெரியவர் கல்லைக் கீழே போடாமலே நின்றார்.

சத்தம் கேட்டுத் தாடிக்காரன் ஓடி வந்தான். கையை விரித்தான். சாவி.

"குழாய்ல கிடந்துச்சு. அப்பவே கொண்டுவந்தேன், பெரியவர் பேசவே விடல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருமகன் சாவியை வாங்கி வண்டியின் ஊளையை நிறுத்தினான். "பாத்தீங்களா மாமா? நான் கேக்கறதுக்கு முன்னாடியே கடவுள் ஆள் அனுப்பிட்டார்."

"வழியில நான் நிறுத்திட்டேன். உன் கடவுளுக்கு இந்தக் கிழவனைத் தாண்டி வரத் தெரியலையே." பிறகு தாடிக்காரனிடம் திரும்பினார். "கிடந்தா கிடந்துட்டுப் போகுது. நீ எதுக்குய்யா எடுத்தே?"

"வேற எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா? யாரையும் நம்ப முடியலையே ஐயா."

அன்றைக்குக் காதில் விழுந்த முதல் உருப்படியான பேச்சு அது என்று பெரியவருக்குத் தோன்றியது.

"தாத்தா, அவர்கிட்ட சாரி சொல்லு," என்றாள் பேத்தி, மூச்சு இன்னும் சீராகாமல்.

"நீ முதல்ல பேசாம இரு. மூச்சை விடு."

"வாங்க மாமா, எல்லாரும் ஒரு நிமிஷம் நன்றி சொல்லலாம்," என்று மருமகன் கைகளை நீட்டினான். தாடிக்காரனும் கை கொடுத்தான். பெரியவர் நீட்டிய கைகளைப் பார்த்தார். மருமகன் விரலில் தொங்கிய சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத வண்டியைப் பூட்டினார். ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார்.

"உள்ள கை விட்டா திறந்துக்குமேப்பா!" என்றாள் மகள்.

"விடறவன் விடட்டும்," என்றபடி சாவியை மடியில் இறுக்கி முடிந்துகொண்டு ஏரிப்பக்கம் நடந்தார்.