தரைக்கு வராத பென்சன் கோழிகள்

போன மார்ச் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பத்து காஜா ஊரை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில், தனேஸ்வரன் புதிதாக வாங்கி வந்த ஆறு கோழிகளும் கூண்டை விட்டு வெளியே வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றன. பறக்கவில்லை, இறக்கைகள் ஒழுங்காக மூடியே இருந்தன. மற்ற கோழிகள் மண்ணில் நிற்பதைப் போல இவை காற்றில் நின்றன, அவ்வளவுதான். அன்றைக்கு மழை இல்லை. பாசாரில் வெண்டைக்காய் கிலோ எட்டு வெள்ளி விற்றது.

தனேஸ்வரன் என்பவர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிற ஆள்தான். நான் என்று எழுதலாம்தான். கை வரமாட்டேன் என்கிறது. பதினொரு வருடமாக எங்கள் அம்மன் கோயில் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுகிறவர் அவர். "செயலாளர் தம் கருத்தைத் தெரிவித்தார், யாரும் வழிமொழியவில்லை" என்று தன்னைப் பற்றித் தானே எழுதிப் பழகிவிட்ட மனிதர். ஆகவே அவர் என்றே இருக்கட்டும். வேறெங்கும் கிடைக்காத மரியாதை இந்த இடத்திலாவது அவருக்குக் கிடைக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால் இறக்கப் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை அவர். அப்பா அங்கே மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். முதலாளிகள் தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டிவிட்ட பிறகு மகன் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். அங்கேயும் அதே பால்தான், குழாயில் வந்தது. முப்பத்து நான்கு வருடம் ஷிப்டு மாறி மாறி வேலை. அவர் வீட்டுக்கு வரும்போது மனைவி கலாதேவி எழுந்து பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். கலாதேவி திரும்பும்போது இவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அறுபது வயது முடிந்து ஜனவரியில் ஓய்வு கிடைத்தபோது மனிதருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இனிமேல் தினமும் காலையில் மனைவியோடு உட்கார்ந்து நிதானமாகப் பசியாற வேண்டும். வீட்டில், அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடடா, இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பூமாலைக்கு எந்தக் கடையில் சொல்வது என்று கோயில் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறவர், இந்த ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டார்.

சொல்வதற்குப் பதிலாக உதவி செய்தார். முதல் வாரம் சமையலறை டப்பாக்களைக் கடுகு முதல் வெந்தயம் வரை அகர வரிசையில் அடுக்கி வைத்தார். அன்று ரசத்தில் சோம்பு விழுந்தது. இரண்டாம் வாரம் முன்வாசல் பூச்சட்டிகளைக் கயிறு பிடித்து நேராக்கினார். அதில் இரண்டு உடைந்தன. மூன்றாம் வாரம் துணி காயப்போடுவதில் ஒரு முறை இருக்கிறது என்று ஆரம்பித்தார். "ஏங்க, கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாரீங்களா?" என்றார் கலாதேவி, கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை. பிப்ரவரிக் கடைசியில் அப்துல் நாசர் ஒரு செய்தி கொண்டுவந்தார். முனைக் கடையில் ரொட்டி சானாய் போடும் நாசர், தனேஸ்வரனுக்குத் தம்பி மாதிரி. ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு ஜாகா, அதாவது காவலுக்கு ஆள், தேடுகிறார்களாம். பன்னிரண்டு மணி நேர வேலை, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து. கலாதேவி அன்று மாலையே கணவரின் கறுப்புக் காற்சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார். அதைப் பார்த்த தனேஸ்வரன், தன்னை வீட்டை விட்டுக் கிளப்பிவிட முடிவெடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்.

ஒரு மாதம் இருந்தது. அதற்குள் இந்த வீட்டுக்குத் தான் இல்லாமல் ஆகாது என்று காட்ட வேண்டும். பின்கட்டில் ரம்புத்தான் மரத்தடியில் கலாதேவியின் கம்போங் கோழிகள், நாட்டுக்கோழிகள்தான், நான்கு இருந்தன. அவற்றுக்குத் தலைவி, கழுத்தில் முடியில்லாத ஒரு பெட்டைக்கோழி; மிரட்டுகிற மிரட்டலைப் பார்த்து அதற்கு மண்டோரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நான்கு கோழிக்கு ஆள் தேவையில்லை, ஒரு கை அரிசி போதும். ஆனால் பத்துக் கோழி இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆம்பிளை வீட்டில் இருந்தே தீர வேண்டும். செயலாளரின் கணக்கு இதுதான். கோயில் கூட்டத்தில் சொல்லியிருந்தால் இதையும் யாரும் வழிமொழிந்திருக்க மாட்டார்கள்.

கோழி தேர்ந்தெடுப்பதைப் பற்றி இரண்டு வாரம் கைப்பேசியில் படித்தார். கொண்டை சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், கால் செதில் வழவழவென்று இருக்க வேண்டும், இடுப்பெலும்புக்கு நடுவே இரண்டு விரல் போக வேண்டும். வாங்கி வந்ததும் பழைய கோழிகளோடு விடாமல் தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். நாசரின் வேனில் ஈப்போ பாசாருக்குப் போய் முப்பது கோழிகளின் இடுப்பில் விரல் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவர் கோழி வாங்க வந்தாரா, பெண் பார்க்க வந்தாரா?" என்று நாசரிடம் மலாயில் கேட்டார். ஒன்றும் பிடிக்காமல் திரும்பி வருகிற வழியில் ஒரு முட்டைப் பண்ணையின் வாசலில், பென்சன் கோழி விற்பனைக்கு என்று அட்டை தொங்கியது. ஒன்றரை வருடம் கம்பிக் கூண்டில் நின்றபடி முட்டையிட்டு, இனி லாபமில்லை என்று கழித்துவிடுகிற கோழிகளுக்கு இங்கே அப்படித்தான் பெயர். தனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். கொண்டை வெளுத்து, கழுத்து முடி தேய்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றன. கொண்டையும் மறந்தது, இடுப்பும் மறந்தது. "தம்பி, ஆறு எடுத்துக்குவோம்லா," என்றார். நாசர் வேனின் பின்கதவைத் திறந்தார். அண்ணன் கண் கலங்கி இதுவரை அவர் பார்த்ததில்லை.

தனியாக வைத்துக் கவனிக்கும் பாடத்தையும் மறந்து, நேரே பின்கட்டில் திறந்துவிட்டார். அப்போதுதான் முதலில் சொன்னது நடந்தது. கலாதேவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, கோழிகளின் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். "அத்தனை கோழியப் பாத்துட்டு, தரையில நிக்கத் தெரியாததாப் பாத்து எடுத்தீங்களா?" என்றார். நாசர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "அதுங்க மேல குத்தமில்ல அக்கா. பொறந்ததுலேர்ந்து கம்பி மேலயே நின்னுருக்கு. கீழ மண்ணுன்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலைலா." தாமானில் எல்லோருக்கும் இது நியாயமாகத்தான் பட்டது. மூன்று நாள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான்காம் நாள் யாரோ யார் வீட்டு வாசலிலோ நாலு சக்கரக் காடியை நிறுத்திவிட்ட சண்டை வந்து, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

மண்டோரம்மாவுக்கு மட்டும் அது நியாயமாகப் படவில்லை. புதிதாக வந்தவர்களைக் கொத்தி வரிசையில் கடைசிக்குத் தள்ளுவது கோழிகளின் வழக்கம். இவர்களையோ எந்த வரிசையில் சேர்ப்பது என்றே அதற்குத் தெரியவில்லை. கீழே நின்றும், எட்டாதபோது எம்பிக் குதித்தும் வயிற்றில் கொத்தியது. ஒவ்வொரு கொத்துக்கும் அவை இரண்டு விரல் மேலே போயின. முதல் வாரக் கடைசியில் முழங்கால் உயரம், அடுத்த வாரம் இடுப்பு உயரம். இட்ட முட்டைகளும் கீழே வரவில்லை. இட்ட இடத்திலேயே காற்றில் நின்றன. கலாதேவி அவற்றை எலுமிச்சை பறிப்பதைப் போலப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டார். இப்படியே போனால் இந்த மாதக் கடைசியில் கோழிகள் வேலிக்கு மேலே போய்விடும், தானும் ஜாகாவுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று தனேஸ்வரனுக்குத் தூக்கம் கெட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் இத்தனை கேவலப்பட்டிருக்க வேண்டாம். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மீன்வலை போடுகிற ஒருவரிடம் ஈயக் குண்டுகள் வாங்கி வந்து கோழிகளின் காலில் கட்டினார். ஈயமும் சேர்ந்து மேலே போனது. கொத்துப்பட்ட இடத்தில் மஞ்சள் அரைத்துப் பூசினார். மஞ்சள் கோழிகளை விட அவர் சட்டையில்தான் அதிகம் ஒட்டியது. கடைசியில், அப்பா தோட்டத்தில் செய்ததே சரி என்று பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குத் தோட்டத்தில் அப்படித்தான் பெயர். தினமும் காலை ஆறரைக்கு, காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பின்கட்டில் நின்று பத்துப் பேரையும் கூப்பிடுவார். அரிசி வரும் என்று பழைய நான்கும் வரிசையில் வந்து நிற்கும். புதிய ஆறும் அவர் இடுப்புக்கு நேரே மிதந்துகொண்டு அவரையே பார்க்கும். தரையில் இல்லாததால் அவற்றுக்கு நேரே "வரவில்லை" என்று எழுதுவார். ஒழுங்கென்றால் ஒழுங்குதானே! கலாதேவி சமையலறைச் சன்னலில் நின்று இதைத் தினமும் பார்த்தார். மறுபடி ஒருமுறை காற்சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பகல், சாப்பாட்டுக்கு முன்னால், கலாதேவி நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்ததும் தனேஸ்வரனுக்கு எங்கிருந்தோ கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கலா, நான் போகல."

"ஏன்? கோழிய நான் பாத்துக்கறேன். நீங்க கவலப்படாமப் போங்க."

"கோழியாவது மண்ணாவது! முப்பத்து நாலு வருஷம் வெளியவே இருந்துட்டேன். உன் மூஞ்சிய வெளிச்சத்துல ஒழுங்காப் பாத்ததில்ல. உன்கூட இருக்கணும்னுதான் நான் வீட்டுக்கு வந்தேன். நீ என்னடான்னா என்னைத் தொரத்துறதுலயே இருக்கே."

கலாதேவி திரும்பிப் பார்த்தார். "அட கடவுளே! நானா தொரத்துறேன்? டப்பாவ அடுக்குறீங்க, சட்டிய ஒடைக்கிறீங்க, விடிஞ்சா சப்பாத்து மாட்டிக்கிட்டுக் கோழிக்குப் பெரட்டு எடுக்கறீங்க. வேலை இல்லாம இந்த மனுசனுக்கு வீடு தாங்கல, சோந்து போயிருவாருன்னு பயந்து, நாந்தான் நாசர் தம்பிகிட்ட எங்கயாச்சும் வேலை பாத்துக் கொடுங்கன்னு கெஞ்சினேன். இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லத் தெரியல," என்றார் தனேஸ்வரன். உண்மையைச் சொன்னதில் உடம்பு அப்படியே லேசாகிவிட்டது. எவ்வளவு லேசு என்றால், கீழே பார்த்தபோது செருப்பு இரண்டும் தரையிலேயே இருந்தன. கால்கள் அவற்றுக்கு ஒரு சாண் மேலே இருந்தன.

கலாதேவியும் பார்த்தார். கோழிகளைப் பார்த்து ஏற்கெனவே பழகியிருந்ததால் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "சரி, மேல போனதுதான் போனீங்க, அலமாரி உச்சியில முறுக்கு ஒரல் இருக்கு பாருங்க, அத எடுத்துக் குடுங்க," என்றார். எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போது கலாதேவி உரலோடு சேர்த்து அவர் விரலையும் பிடித்துக்கொண்டார். சோறு ஆறும் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் வேலைக்கு வரமுடியாததன் காரணத்தை அடுக்குமாடி மேற்பார்வையாளரிடம் போனில் உள்ளபடியே சொன்னார். எவ்வளவு உயரம் என்று அவர் கேட்டார். ஒரு சாண் என்றதும், குட்டையான ஆட்கள்தான் நிறைய வருகிறார்கள், உயரமாக ஒருவர் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.

கோழி விஷயம் தானாகவே சரியாகிவிட்டது. இதில் செயலாளருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். ஏப்ரலில் வெயில் கொளுத்தியது. அதற்குள் ஆறு கோழிகளும் மண்டோரம்மா எவ்வளவு குதித்தாலும் எட்டாத உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டன. ஒருநாள் உச்சி வேளையில் மண்டோரம்மா வந்து, கொத்துவதற்கு அல்ல, அவற்றின் நிழலில் உட்காருவதற்கு இடம் பிடித்தது. மற்ற மூன்றும் பின்னால் வந்தன. அதிலிருந்து பத்தும் ஒரே கூட்டம்தான், ஆறு மேலே, நான்கு கீழே. சாயங்காலமானால் கீழே இருப்பவை கிளை கிளையாகத் தாவி ரம்புத்தான் மரமேறும். மேலே இருப்பவை நேராக நடந்து வந்து பக்கத்தில் உட்காரும்.

தனேஸ்வரனும் இறங்கவில்லை. மருத்துவமனையில் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கோயில் கூட்டத்தில் இப்போது அவர் கருத்துச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் யாரும் வழிமொழிவதில்லை. வீட்டில் கலாதேவி அவர் காலுக்கடியில் தாராளமாகக் கூட்டிப் பெருக்குகிறார். காலையில் இருவரும் சேர்ந்துதான் பசியாறுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் ஒரு சாண் மேலேதான் உட்காருகிறார், பேசும்போது நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று, கலாதேவி தன் நாற்காலியில் இரண்டு தலையணைகளைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.