அரிஷ்டக் குப்பி

குடிச்சிட்டு ஒருத்தனை வெட்டி ஜெயிலுக்குப் போன ராஜதாஸ், பெறவு குடியை விட்டவங்க சேர்ந்து தங்குற வீட்டுல இருந்துட்டு, போன வாரந்தான் சொந்த ஊரான கொல்லயிலுக்கு வந்தான். சோறு இறங்கல்ல. பெஞ்சாதி ரத்னபாய், பசி எடுக்கட்டும்ணு வைத்தியசாலையில அரிஷ்டம் வாங்கிக் குடுத்தா. அதுலயும் போதை உண்டுண்ணு அவளுக்குத் தெரியாது.

ராத்திரி, முற்றத்துல அப்பன் பக்கத்துல குப்பி காலியாக் கிடந்தத மக ஜெபிஷா கண்டா.

"அப்பா, எனக்குப் பயமாட்டு இருக்கு. அம்மை உறங்குது. அம்மைட்ட சொல்லட்டா?"

"வேண்டாம் மக்கா. அவ மருந்துண்ணாக்கும் தந்தா. ஒரு ஸ்பூன் நாக்குல பட்டுது, பெறவு நிறுத்த முடியல்ல. இப்பவும் குடிக்கத்தான் தோணுது. என்னை முறிக்குள்ள இட்டு, வெளிய இருந்து கதவைப் பூட்டு. காலம்பற, குடியை விட்டவங்க இருக்க அந்த வீட்டுக்கே திரும்பப் போறேன். என்ன சொன்னாலும் தொறக்காத, கேட்டியா?"

பூட்டினா. கொஞ்சநேரத்துல உள்ள இருந்து அப்பன் விளிச்சான்.

"மக்கா, வெள்ளம் தா. தாகமாட்டு இருக்கு."

அவ சாவியை இறுக்கிப் பிடிச்சா.

"எட்டீ, தொறட்டீ!"

வெட்டுன அண்ணைக்குக் கேட்ட அதே குரல். கதவு குலுங்கிச்சு. அடுத்த முறியில அம்மை இருமி எழும்புத சத்தம் கேட்டுது. அம்மை வந்தா இரக்கப்பட்டுத் தொறந்துருவா. ஜெபிஷா ஓடிப்போய்ச் சாவியைக் கிணத்துல போட்டா.