கட் பண்ணிய கால்

1999-இல் நூல் புரோக்கர் சென்னியப்பனிடம் செல்போன் இருந்தது. அதில் அவர் பேசியதுதான் இல்லை. வருகிற காலுக்கும் காசு பிடித்த காலம். மணி அடித்தால் கட் பண்ணுவார், நம்பரைப் பார்ப்பார், மேசை போனில் திருப்பிக் கூப்பிடுவார். சோமனூர் வியாபாரிகளுக்கு இது பழகிப்போயிருந்தது. கால் கட் ஆனால், 'ஆள் கடையில் இருக்கிறார்' என்று காத்திருப்பார்கள்.

முகாம் பிள்ளை சுகிர்தாவுக்கு அது தெரியாது.

ஆனைமலைப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் டியூஷன் எடுக்கும் கிருபாவதி டீச்சர், போன மாதம்தான் அந்த நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை என்று ஏஜெண்டுகள் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறார்கள். இருவர் திரும்பவே இல்லை. வழியில் சந்தேகம் தட்டினால் கூப்பிட, எப்போதும் ஆள் கையிலேயே இருக்கிற போன் ஒன்று வேண்டும். தன் மகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர். சென்னியப்பனால் மறுக்க முடியவில்லை. பத்து இலக்கத்தையும் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் செல்போன் அடித்தது. கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகுதான் நம்பரைப் பார்த்தார். பொள்ளாச்சிப் பக்கம். அங்கே அவரிடம் நூல் வாங்குகிறவர் யாருமில்லை.

மேசை போனைச் சுழற்றினார்.

"கோபாலபுரம் பூத்துங்க, மைதீன் பிச்சை."

"இப்ப கூப்பிட்டது யாருங்க?"

"ஒரு சிலோன் புள்ளைங்க. நீங்க கட் பண்ணிப்போட்டீங்க, அழுதுட்டே வேனுக்கு ஓடிருச்சு. இன்னும் ரெண்டு புள்ளைக உள்ள இருக்குதுங்க. கூட்டியாந்தவன் டீ குடிக்கிறான்."

கோபாலபுரம் தாண்டினால் கேரளா. திருப்பூர் நேர் எதிர்த்திசை.

"பாயி, ஆளுக வேணும்னு ஒரு மில்லுக்காரர் லைன்ல இருக்கார்னு அவனைக் கூப்பிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் வருவதற்குள் செல்போனில் டீச்சரை வீட்டு போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னார். காசு நினைவுக்கே வரவில்லை.

"போலீஸ் ஜீப்போட வாரேனுங்க. அரை மணி நேரம் புடிச்சு வைங்க."

ஏஜெண்டு லைனுக்கு வந்தான். "எத்தனை ஆளு வேணுங்க? தலைக்கு எண்ணூறு கமிஷன்."

"ஐநூறுதானுங்க கட்டுபடியாகும்."

"சரிங்க, ஐநூறு. பேசி முடிச்சுக்கலாம்."

சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. விலை இறங்கியதற்காக அவர் நடுங்கியது ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"அவசரப்படறீங்களே! மில்லுல நூல் கோன் சுத்தத் தெரியுமா? சோறு யாரு செலவு? வேன் வாடகை யாரு? பொங்கலுக்கு லீவு கேப்பாங்களா?"

"ஏனுங்க, நீங்க ஆள் எடுக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?"

"மூணு வருசம் நிக்குமா, சொல்லுங்க? பாதியில போனா கமிஷனைத் திருப்பித் தருவீங்களா?"

பிள்ளைகளுக்கு விலை பேசுகிற தன் குரலை அவருக்கே பிடிக்கவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. கயிறு அறுகிற அளவுக்கு இழுத்து, அறுக்காமல் விட்டு, மறுபடியும் இழுத்தார். கடிகார முள் இருபத்திரண்டு நிமிடம் நகர்ந்திருந்தது.

"உங்களோட ஆகாதுங்க, போனை வைக்கறேன்..."

பேச்சு பாதியில் நின்றது. ஏதோ கவிழ்ந்த சத்தம், கூச்சல். லைன் செத்தது.

ரிசீவரைப் பிடித்தபடியே கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், ஒயர் நீளும் மட்டும்.

செல்போன் அடித்தது. அதே நம்பர். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து, பச்சையை அமுக்கினார்.

"அங்கிள், சுகிர்தா கதைக்கிறன். மூண்டு பேரும் டீச்சரோட நிக்கிறம்."

"நல்லா இருக்கறயா அம்மணி?"

"ஓம். முதல் நான் கோல் எடுக்கேக்க ஏன் கட் பண்ணினீங்கள்?"

"காசுக்குப் பாத்துத்தான் அம்மணி" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். நிமிடங்கள் ஓடின. அவர் கட் பண்ணவில்லை.