பொய்க்குப் பொங்கிய சாறு

1981 தை மாதத்திலிருந்து உத்திரமேரூர் கரும்புச்சாறு பொய் கேட்டால் பொங்க ஆரம்பித்தது. சின்னப் பொய்க்கு ஒரு முழம், பெரிய பொய்க்கு அளவே இல்லை. நமச்சிவாயத்தின் பாகு ஆலையில் கொப்பரைகள் வழிந்தபோது சாறு தெளியப் போடும் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அடுப்பு பார்க்கும் பச்சமுத்து, “நேத்து ஒடம்பு சரியில்ல மொதலாளி, அதான் வரல” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நுரை கொப்பரைக்கு மேல் ஒரு முழம் எழுந்தது. விஷயம் தெரிந்துபோயிற்று. பொய்யே பேசாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, வேலையும் நடக்கவில்லை. தென்னேரியிலிருந்து வந்த கரும்பு வண்டிகள் வாசலிலேயே புளித்தன. அடுத்த வெட்டுக்குள் வழி பண்ணாவிட்டால் கரும்பைப் பெயர்த்துவிட்டு நெல் நடுவோம் என்று விவசாயிகள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொப்பரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாற்றை நீராவியால் சீக்கிரம் வற்றவைக்கும் இயந்திரம் வாங்குவது என்று நமச்சிவாயம் முடிவு செய்தார். எந்த மாதிரி வாங்கலாம் என்று சொல்ல, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்த கெமிக்கல் இன்ஜினியர் கோமளவல்லியை வரவழைத்தார். இதற்குமுன் மூன்று ஆலைகளுக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்ததாக அவள் கடிதம் எழுதியிருந்தாள். கடிதத்தைச் சாறு படிக்காது.

மெட்ராஸ் கம்பெனி விற்பனையாளன் பாண்டுரங்கனையும் அவளையும் நமச்சிவாயம் ஆறிய சாற்றுத் தொட்டியின் பக்கத்திலேயே உட்காரவைத்தார். பாண்டுரங்கன் முதல் வரைபடத்தை விரித்தான். பாத்திரத்துக்குள் குட்டைக் குழாய்கள். சாறு தானே கொதித்து ஏறி, தானே இறங்கும். “குழாயில ஒண்ணுமே ஒட்டாது சார்” என்றான். நுரை அவனை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தது. திரும்பி வந்து, பம்பு வைத்துச் சுற்றவிடும் இரண்டாவதைக் காட்டி, “கரண்டே இழுக்காது” என்றான். இந்த முறை நுரை அவனைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோயிற்று.

கோமளவல்லி நனைந்த காகிதத்திலேயே கணக்குப் போட்டாள். முதலாவதில் சாறு அரை மணி நேரம் கிடக்கும். ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்டுவிடும். இரண்டாவது, கரண்டு போனால் நின்றுவிடும். மூன்றாவதாக ஒரு வரைபடம் மடித்தபடியே கிடந்தது. அதில் உயரமான குழாய்களின் உட்சுவரில் சாறு மெல்லிய படலமாக வழுக்கி இறங்கும், வெளியே நீராவி. பத்து நொடியில் பயணம் முடிந்துவிடும்.

“இத ஏன் காட்டல?” என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து திரும்பியவனைக் கேட்டாள்.

“கமிஷன் கம்மி மேடம்” என்றான் பாண்டுரங்கன். நுரை அடங்கியது.

நமச்சிவாயம் அவள் பக்கம் திரும்பினார். “இத எங்கனா ஓட்டிப் பாத்துகீறியாம்மா?”

“மூணு எடத்துல...” நுரை அவள் மார்புவரை ஏறியது. உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், மானமும் போகும். கண்ணை மூடிக்கொண்டாள். “இல்லீங்க ஐயா. புக்குலதான் பாத்துருக்கேன். லெட்டர்ல எழுதினது பொய். ஆனா இதான் சரியான மெஷின். மேல சாறு பிரிக்கிற தட்டு ஒரு நூல் சாஞ்சாக்கூட ஒரு குழாய் சாறில்லாம காஞ்சி தீஞ்சிடும். அத மட்டும் நான் கிட்ட இருந்து பாத்துக்கறேன்.”

நுரை இறங்கியது. அதன்பின் தொட்டி அசையவில்லை. நமச்சிவாயம் அவளைவிட அதிக நேரம் தொட்டியைப் பார்த்தார். “சாறே சும்மா கீது. நான் இன்னா சொல்றது? ஆர்டர் போடு” என்றார்.

கார்த்திகையில் இயந்திரம் வந்தது. நாலு ஆள் உயரத்தில் ஏறி நின்று, மூன்று நாள் ரசமட்டம் பிடித்துத் தட்டை அவளே பொருத்தினாள். ஒரு குழாயும் தீயவில்லை. பத்து நொடியில் இறங்கி ஓடும் சாற்றுக்கு நின்று பொய் கேட்க நேரமில்லாததால் பாகும் பொங்கவில்லை. நெல் நடப்போவதாகச் சொன்னவர்கள் கரும்பே போட்டார்கள். கோமளவல்லி ஆலை மேனேஜரானாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சொம்பு பச்சைச் சாறு வாங்கிப் போவது வழக்கமாயிற்று. தேர்தல் பிரசாரம் நடக்கும் நாட்களில் மட்டும் ஆலைக்கு விடுமுறை விட்டார்கள். ஏன் என்று எந்தக் கட்சிக்காரரும் கேட்டதில்லை.