சிங்கப்பூரில் தானே எடுத்துச் சாப்பிட்டவர்

சிங்கப்பூர் போய் வந்து ஒரு வருஷமாகியும் சகாதேவன் இன்னும் திருவண்ணாமலைக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை என்றுதான் பாஞ்சாலைக்குத் தோன்றியது. எண்பத்தைந்தில் உரக் கம்பெனிக்காரன், நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை மனைவியோடு சேர்த்து வெளிநாடு கூட்டிப் போனான். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சகாதேவன் தலையைச் சொறிவார். எந்த ஓட்டலில் முட்டையை எத்தனை விதமாகச் செய்து வைத்திருந்தான் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

செங்கம் ரோட்டில் அவர் கடைக்கு யூரியா வாங்க வருகிறவன் அந்தக் கதையைக் கேட்காமல் மூட்டையைத் தூக்க முடியாது.

"பஃபேன்னா முதல்ல தட்டையே தொடக்கூடாது. கையை வீசிக்கினு ஒரு சுத்து வரணும், நாம மலையைச் சுத்தற மாதிரி. எங்க இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு அப்புறம்தான் தட்டு. ரொட்டியில வயித்தை ரொப்பறவன் ஏமாந்தவன். ஞாயித்துக்கிழமைன்னா பெரிய ஓட்டலா பாத்துப் போவணும். காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒண்ணா சேத்து வெச்சிருப்பான், ப்ரஞ்ச்னு பேரு. இன்னொண்ணு, அங்க யாரும் யாருக்கும் பரிமாற மாட்டான். மந்திரியா இருந்தாலும் தானே போய் எடுத்துக்கணும். அதாங்க நாகரிகம்."

மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வரும் பாஞ்சாலை இந்தப் பிரசங்கம் முடிகிறவரை ஓரமாக நிற்பாள். முடிந்ததும் அவர் உட்காருவார். அவள் தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கடைசியில் கை கழுவத் தண்ணீரும் ஊற்றுவாள். நாகரிகம் அதோடு போச்சு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நடந்தது அவளுக்குத் தெரியும். சிங்கப்பூர் ஓட்டலில் முதல் நாள் காலை இந்த மனுஷன் மேஜையில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். பாஞ்சாலை ஓடி ஓடித் தட்டு நிறைய எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, இன்னும் என்ன வேண்டுமோ என்று வீட்டில் நிற்பது போலவே பக்கத்தில் நின்றாள். சுற்றிலும் வெள்ளைக்காரர்களும் சீனர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்த ஒரு பெண் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். வெட்கத்தில் மறுநாளிலிருந்து சகாதேவன் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

பாஞ்சாலையும் எடுத்துக்கொண்டாள். புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறின சோற்றில் அடிக்குழம்பை வழித்து ஊற்றிச் சாப்பிட்டவள் அவள். இத்தனை வருஷமாக இது ஒரு குறை என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

வேங்கிக்காலில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. "பந்தி கிந்தி கிடையாது. பஃபேதான்" என்று சகாதேவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாஞ்சாலைக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போயிற்று. நம் வீட்டு விசேஷத்தில் நாமும் எல்லாரோடும் உட்கார்ந்து சூடாக ஒரு வாய் சாப்பிடலாம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பந்தல் போட்டு, நீள மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அண்டா அண்டாவாக வைத்தார்கள். புதுப் பட்டுப் புடவையில் பாஞ்சாலை தட்டு எடுக்கப் போகும்போது சகாதேவன் கரண்டியை நீட்டினார்.

"நீ எங்க போற? மேஜைக்குப் பின்னாடி நில்லு. நம்ம ஜனங்களுக்கு எடுத்துக்கத் தெரியாது. சாம்பாரைக் கொட்டிடுவாங்க. அக்காவும் நீயும் ஆளுக்கு நாலு அண்டா பாத்துக்குங்க."

அக்கா என்றது அவருடைய கூடப்பிறந்தவள் ஜோதியம்மாளை. முட்டிவலிக்காரி. அவளும் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

பந்தியிலாவது நடுநடுவே மூச்சு விட நேரம் கிடைக்கும். இந்த வரிசைக்கு முடிவே இல்லை. ஊற்றி ஊற்றிப் பாஞ்சாலையின் தோள்பட்டை இற்றுப் போயிற்று. பொங்கல் அண்டாவின் அடி தெரிய ஆரம்பித்தது. பந்தலின் நடுவில் சகாதேவன் நாற்காலி போட்டு, இன்னொரு உரக்கடைக்காரர் ராமகிருஷ்ணனிடம் மந்திரி தட்டு தூக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பாஞ்சால, எனக்கு ஒரு தட்டு போட்டு எடுத்துக்கினு வா. வடை ரெண்டு ஜாஸ்தியா வை."

பாஞ்சாலை கரண்டியைச் சாம்பாரிலேயே விட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி முன்பக்கம் வந்து, ஒரு தட்டை எடுத்து வரிசையில் நின்றாள். வேண்டியதை எடுத்துக்கொண்டாள். நேராகப் புருஷனிடம் போனாள். அவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சகாதேவன் எழுந்து வந்து குனிந்தார்.

"இன்னாடி இது. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. நான் சாப்பிட்டுக்கினு இருக்கேன்."

"எனக்கு யாரு போடறது?"

"நாகரிகம்னு சொன்னீங்களே, அத நீங்களும் செய்யுங்க."

அதற்குள் ஜோதியம்மாள் தம்பிக்காக ஒரு தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். பாஞ்சாலை இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அண்ணி, அந்தத் தட்டை உங்களுக்குப் போட்டுக்கினு வந்து இப்படி உக்காருங்க. முட்டி நோவுதுன்னு காலையிலேயே சொன்னீங்க."

ஜோதியம்மாள் தம்பியைப் பார்த்தாள். பாஞ்சாலையைப் பார்த்தாள். பிறகு தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆளில்லாத மேஜையில் விருந்தாளிகள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை.

சகாதேவன் மட்டும் எடுக்கவில்லை. இத்தனை பேர் எதிரில் பெண்டாட்டி சொல்லித் தட்டு தூக்கினான் என்று ஆகிவிடுமாம். வயிறு சரியில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தார். அவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பாஞ்சாலைக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் மேஜைக்கு வந்தார். அண்டாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த சோற்றைச் சுரண்டி, அடியில் தங்கியிருந்த சாம்பாரை ஊற்றிக்கொண்டு, நின்றபடியே ஒரு வாய் வைத்தார்.

"இன்னா பாஞ்சால, எல்லாம் இப்படி ஆறிக் கிடக்குது."

"கடைசியா சாப்பிட்டா அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் பாஞ்சாலை.