கடலடியில் முப்பது கூடுகள்

நாங்கள் மீன் பிடிக்கிற கூடுகளுக்கு மிதப்பு கட்டுவதில்லை. கட்டினால் கள்ளனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. கூட்டைக் கடலடியில் இறக்கிவிட்டு, அந்த இடத்தை ஜி.பி.எஸ் கருவியில் பதிந்துவைப்போம். வேறு அடையாளம் கிடையாது.

என் மச்சான் றெனால்ட்டின் முப்பது கூடுகளும் அப்படித்தான் கிடந்தன. என் தங்கச்சி சுவேதினி தன் காப்புகளைக் கழற்றிக் கொடுத்துச் செய்த கூடுகள். அவர்களுக்கு வேறு தொழில் இல்லை.

கருவிக்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது. உப்புக்குளம் பகுதியில் கருவிகள் திருத்துகிற கடை வைத்திருக்கும் ஸாஜித்திடம் கொண்டுபோனோம்.

"திருத்தலாம். ஆனா உள்ள பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிரும். வேற எதிலயும் ஏத்தி வெச்சிருக்கீங்களா?"

"ஓம், வீட்டில பழைய கருவி ஒண்டு இருக்கு. அதிலயும் எல்லாம் கிடக்கு. நீங்கள் அழியுங்கோ," என்றான் றெனால்ட். இந்த மனுசனுக்கும் புத்தி இருக்கிறதே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடிய அந்தப் பழைய கருவியோடு கடலுக்குப் போனோம். முதல் இடத்தில் நான் குதித்தேன். கீழே வெறும் மணல். அடுத்த இடத்திலும் மணல். ஏழாவது தடவையும் வெறுங்கையோடு மேலே வந்தபோது, றெனால்ட் வள்ளத்தில் நின்று ஊரில் உள்ளவனையெல்லாம் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான்.

"முப்பதையும் அடிச்சுக்கொண்டு போட்டாங்களடா!"

எனக்கென்னவோ சந்தேகம். கருவியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் கீழே, பதிந்த திகதி இருந்தது. எல்லாம் போன ஆவணி.

"மச்சான், தை மாசம் கூடு முழுக்க வடக்குப் பக்கம் மாத்தினனாங்கள் எல்லோ. அதை இதில ஏத்தினனியோ?"

அவன் கருவியைத் திரும்ப வாங்கித் திகதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மற்றதில மட்டும்தான் பதிஞ்சனான்," என்றான் கடைசியில்.

மற்றதைத்தான் நேற்று அழிக்கச் சொன்னோம். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். இவ்வளவு பெரிய கடலில் எங்கே குதிப்பது? றெனால்ட் தலையில் கைவைத்தபடி அப்படியே குந்திவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. சுவேதினி.

"கூடெல்லாம் பத்திரமா இருக்குதோ?"

என் முகத்தைப் பார்த்தான். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இருக்கு," என்றான்.

அது பொய்யில்லை. முப்பதும் எங்கேயோ கீழே இருக்கின்றன. அவற்றுக்குள் மீனும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.