ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர்

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஏழு வருடங்களுக்கு முன்பு மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, முகம் தெரியாத ஒருவர் கொடுத்த, ரத்தத்தை ஊறவைக்கும் ஸ்டெம் செல்தான் அவள் உயிரை மீட்டது. அதை யாரோ கையோடு விமானத்தில் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அதே வேலையைத் தானும் சம்பளமில்லாமல் செய்துவருகிறார்.

அன்று அவர் மடியில் அப்படிப்பட்ட செல் அடங்கிய ஒரு நீலநிறக் குளிர்பெட்டி. செல் கொடுத்தவரின் ஊருக்கும் நோயாளியின் ஊருக்கும் வான்வழியில் ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பதினொரு மணி நேரம். நேர் விமானம் கிடையாது என்பதால், நடுவில் இறங்கி மாறிப் போனால் பதினைந்து. நோயாளி யாரென்று சொல்ல மாட்டார்கள். புது செல்லை ஏற்றுவதற்காக அந்த நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்தாகிவிட்டது, பெட்டி போயே ஆகவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

எதிர்காற்றால் முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். இறங்கி ஓடினார். மாற வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"அடுத்தது நாளைக்குத்தான் சார். வேற கம்பெனி ஃபிளைட் ஒன்னு அரை மணியில கிளம்புது. ஆனா ஃபுல்லு."

"நிக்க இடமிருந்தாலும் போதும்மா" என்றார், பழக்கதோஷத்தில்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அடுத்த நொடி அவரை அழைத்துக்கொண்டு அந்த விமானத்தின் வாசலுக்கு ஓடினாள். அங்கிருந்தவரிடம் மைக்கை வாங்கி, ஒரு நோயாளிக்காக யாராவது இருக்கையை விட்டுத்தர முடியுமா என்று கேட்டாள்.

வரிசையில் யாரும் அசையவில்லை. எல்லோரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மா மூச்சிரைக்க முன்னால் வந்தார்.

"நான் நாளைக்குப் போறேன். கைப்பை மட்டும்தான், வேற மூட்டை முடிச்சு கிடையாது."

"எதுக்குப் போறீங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"மக பிள்ளை பெத்திருக்கா. மூணு நாளாச்சு, முகத்தப் பாக்கத் துடிச்சுக்கிட்டு இருக்கேன்." அம்மா பெட்டியைப் பார்த்தார். "பிள்ளை நாளைக்கும் அங்கதான இருக்கும்? இது கெட்டுப்போயிடும்ல?"

அந்த அம்மா நாளை எத்தனை மணிக்கு வந்திறங்குவார் என்பதை மட்டும் கண்டக்டர் கேட்டுக்கொண்டார்.

மாலைக்குள் பெட்டி மருத்துவமனை சேர்ந்தது. நர்ஸ் எண்களைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரே வெளியே வந்தார்.

"ஏத்த ஆரம்பிச்சாச்சு. நாளைன்னா ரொம்ப சிரமமாயிருக்கும்."

மறுநாள் மதியம், அந்த அம்மாவை அழைத்துப்போக வந்த மருமகனுக்குப் பக்கத்தில் கண்டக்டரும் விமான நிலையத்தில் நின்றிருந்தார். கண்டக்டரைக் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பொழைச்சுக்குவாங்களா?"

"தெரிய மூணு வாரம் ஆகும்மா. ஆனா ஒரு வழி கிடைச்சிருக்கு. உங்க புண்ணியம்."

"என்ன பெரிய புண்ணியம்! வாங்க, பேத்தியப் பாத்துட்டுப் போங்க" என்று அவரையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: புது ரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது. கண்டக்டர் முதலில் அந்த அம்மாவுக்குச் சொன்னார். பிறகு விமான நிலையத்துக்குப் போன் போட்டு, கவுண்ட்டர் பெண் லைனில் வரும்வரை இருபது நிமிடம் காத்திருந்தார்.